தம்பிக்குச் சரிப்பட்ட சிகரெட் எனக்கு ஏன் சரிப்படவில்லை?

கேள்வி: எனக்கு வயது 44, தம்பிக்கு 41. இருவரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் புகைக்க ஆரம்பித்தோம். ஒரே பிராண்ட், நாளுக்கு 18, 20 என்று ஒரே கணக்கு. நான்கு மாதம் முன்பு, ‘நிகோடின் குறைவு’ என்று சொல்லப்பட்ட சிகரெட்டுக்கு இருவரும் சேர்ந்தே மாறினோம். தம்பி இப்போது 9க்கு வந்துவிட்டான். “பெரிதாக ஒன்றும் தெரியவில்லை அண்ணா” என்கிறான். நான் 26க்குப் போய்விட்டேன். கண் விழித்ததும் கை பாக்கெட்டைத் தேடுகிறது. இருமலும் கூடிவிட்டது. “அவனுக்கு இருக்கிற மன உறுதி உனக்கு இல்லை” என்று வீட்டில் சொல்கிறார்கள். அது உண்மையா? இன்னும் நிகோடின் குறைந்த சிகரெட்டுக்குப் போனால் சரியாகுமா? மரபணுச் சோதனை எடுத்துப் பார்க்கலாமா?

பதில்: மன உறுதிப் பேச்சை முதலில் ஓரமாக வைத்துவிடுவோம். உங்களுக்கும் தம்பிக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி கல்லீரலில் இருக்கிறது என்பது என் கணிப்பு. கடிதத்தை வைத்து யாரையும் அளந்துவிட முடியாதுதான். ஆனாலும் ‘கண் விழித்ததும் கை பாக்கெட்டைத் தேடுகிறது’ என்ற ஒரு வரி போதும், எனக்கு அந்தப் பக்கம் சந்தேகம் போக.

புகையோடு உள்ளே போகும் நிகோடின் 10, 20 நொடிக்குள் மூளையைத் தொட்டுவிடும். உடம்பு உடனே அதைச் சிதைக்கவும் தொடங்கிவிடும். அந்த வேலையில் ஏறத்தாழ முக்கால் பங்கு, நிகோடினைக் கோட்டினின் என்ற பொருளாக மாற்றும் வேலை. அதைப் பெரும்பாலும் செய்து முடிப்பது கல்லீரலில் இருக்கும் சிஒய்பி2ஏ6 என்ற நொதி. கோட்டினினையும் அது சும்மா விடாது, ஹைட்ராக்சிகோட்டினின் என்று இன்னொரு படி கீழே இறக்கிவிடும். இந்த நொதியை உண்டாக்கும் மரபணு எல்லோருக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. சிலருக்கு முழு வேகம், சிலருக்கு அரை வேகம். சிலருக்கு அந்தத் துண்டே விடுபட்டிருக்கும். கிழக்கு ஆசிய மக்களிடம் இப்படி விடுபட்டவர்கள் மற்ற இடங்களைவிட அதிகம். ஒரு வயிற்றில் பிறந்தவர்களுக்கு ஒரே மாதிரி இருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். அப்பாவிடமிருந்து ஒரு பிரதி, அம்மாவிடமிருந்து ஒரு பிரதி. அவர்களிடம் இருக்கும் இரண்டு இரண்டில் எது உங்களுக்கு விழுந்தது, எது தம்பிக்கு விழுந்தது என்பது சீட்டுக் குலுக்கல்தான். மூக்கும் முழியும் ஒன்றுபோல் இருக்கும் அண்ணன் தம்பிக்குக் கல்லீரல் வேகம் இரண்டு மடங்கு வேறுபடுவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரத்தத்தில் இருக்கும் நிகோடின் பாதியாகக் குறைய, பொதுவாக 2 மணி நேரம் ஆகும். உங்களுக்கு அந்த 2 மணி நேரம், தம்பிக்கு 4 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் இரவு 10 மணிக்குக் கடைசி சிகரெட்டை அணைத்துவிட்டுப் படுக்கிறீர்கள். காலை 6 மணிக்கு உங்கள் இரத்தத்தில் மிச்சம் இருப்பது பதினாறில் ஒரு பங்கு. தம்பிக்கு நான்கில் ஒரு பங்கு. அவர் எழுந்து பல் தேய்த்து, செய்தியைப் பார்த்துவிட்டு, நிதானமாகப் பற்ற வைப்பார். உங்கள் கை போர்வைக்குள்ளிருந்தே தேட ஆரம்பித்துவிடும். இதில் யாருடைய மன உறுதியைப் போய்க் குறை சொல்வது?

வேகமாகச் சிதைப்பவர்கள் எண்ணிக்கையை மட்டும் கூட்டுவதில்லை, இழுப்பையும் கூட்டுகிறார்கள். இழுக்கும் புகையின் அளவைக் கருவி வைத்து அளந்து 2011இல் வெளியான ஓர் ஆய்வில், சிதைக்கும் வேகம் மிக அதிகமாக இருந்தவர்கள் ஒரு சிகரெட்டிலிருந்து இழுத்த மொத்தப் புகை, வேகம் மிகக் குறைந்தவர்கள் இழுத்ததைவிடக் கூடுதலாக இருந்தது. புற்றுநோய் உண்டாக்கும் புகையிலை நைட்ரோசமீனின் தடயமும் அவர்கள் சிறுநீரில் அதிகம் இருந்தது. எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் நுரையீரலுக்குள் போகும் சரக்கு ஒன்றல்ல. மாறுவதற்கு முன்பு, ‘ஒரே கணக்கு’ என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்த காலத்திலேயே நீங்கள் அதிகம் இழுத்துக்கொண்டிருக்கலாம்.

(இதைப் படிக்கும் பெண்களுக்காக ஒரு குறிப்பு. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இந்த நொதியை முடுக்கிவிடும். அதனால் பொதுவாகப் பெண்களுக்கு ஆண்களைவிட வேகம் அதிகம், கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு இன்னும் அதிகம், கர்ப்ப காலத்தில் அதற்கும் மேல். கர்ப்பமான பிறகு விடுவது முன்னைவிடக் கஷ்டமாக இருக்கிறது என்று சொல்லும் பெண்ணிடம் ‘குழந்தையை நினைத்தாவது விடக்கூடாதா’ என்று கேட்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.)

இனி அந்த சிகரெட்டுக்கு வருவோம். ‘நிகோடின் குறைவு’ என்று எழுதியிருக்கிறீர்கள், எந்த விதத்தில் குறைவு என்று எழுதவில்லை. இந்தப் பெயரில் இரண்டு வகை உண்டு. ஒன்றுக்கொன்று சம்பந்தமே கிடையாது, ஆனால் ஏமாறுபவர்கள் ஏராளம்.

முதல் வகையில் புகையிலை பழைய புகையிலையேதான். ஒரு சாதாரண சிகரெட்டுக்குள் 10 முதல் 14 மில்லிகிராம் நிகோடின் இருக்கும். அதில் உடம்புக்குள் சேருவது 1, ஒன்றரை மில்லிகிராம். ‘லைட்’ வகையில் அந்த 10, 14இல் பெரிய மாற்றம் இருக்காது. மாற்றம் வாயில் வைக்கும் பக்கத்துப் பஞ்சில்தான். பஞ்சைச் சுற்றிய காகிதத்தில், உதட்டிலிருந்து சற்றுத் தள்ளி, ஊசி முனை அளவுக்கு வரிசையாகத் துளை போட்டிருப்பார்கள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் தெரியும், சிலவற்றில் பூதக் கண்ணாடி வேண்டியிருக்கும். சோதனைக் கூடத்தில் ஓர் இயந்திரம் நிமிடத்துக்கு ஒரு முறை, 2 நொடி, 35 மில்லிலிட்டர் என்று இழுக்கும். துளை வழியே காற்று கலந்து புகை நீர்த்துப்போக, ‘நிகோடின் குறைவு’ என்று எண் வரும். அந்த இயந்திரத்துக்குக் கல்லீரல் கிடையாது. நமக்கு உண்டு. வேண்டியது வரவில்லை என்றால் இன்னும் ஆழமாக, இன்னும் அடிக்கடி, நுனி வரைக்கும் இழுப்போம். விரலாலோ உதட்டாலோ துளைகளை மூடிக்கொள்வோம், மூடுகிறோம் என்பதே தெரியாமல்.

உங்கள் சாம்பல் கிண்ணத்தில் கிடக்கும் துண்டுகளில் நாலைந்தை எடுத்து, வாயில் வைக்கும் முனையைப் பாருங்கள். துளை திறந்திருந்தால் நடுவில் மட்டும் பழுப்பு வட்டம் விழுந்து, ஓரத்தில் வெள்ளை வளையம் மிச்சம் இருக்கும். துளையை மூடி இழுத்திருந்தால் முனை முழுக்க ஒரே பழுப்பாக இருக்கும். தம்பியின் துண்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என்னிடம் வந்த ஒருவர் ஒரு வாரத் துண்டுகளைப் பையில் போட்டுக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். நாற்றம் அறையை விட்டுப் போக இரண்டு நாள் ஆயிற்று. ஒன்றில்கூட வெள்ளை வளையம் இல்லை. மூச்சில் கார்பன் மோனாக்சைடு அளக்கும் ஊதுகருவியில் ஊதச் சொன்னேன். ‘லைட்டுக்கு மாறிவிட்டேன்’ என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவருக்கு 31 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 31 பங்கு) காட்டியது. 10ஐத் தாண்டினாலே புகைப்பவர் என்று எழுதிக்கொள்வோம்.

இரண்டாம் வகையில் புகையிலைச் செடியிலேயே நிகோடினை எடுத்துவிடுகிறார்கள். ஒரு கிராம் புகையிலைக்கு 15 மில்லிகிராம் அளவில் இருப்பதை 0.4 மில்லிகிராமுக்குக் கொண்டுவந்து சோதித்திருக்கிறார்கள். இங்கே துளையை மூடினாலும், எவ்வளவு இழுத்தாலும் பலன் இல்லை. ஒரு சாதாரண சிகரெட் தரும் நிகோடின் கிடைக்க ஏறக்குறைய 40 புகைக்க வேண்டிவரும். யாரால் முடியும்? அடிமைப்படுத்த முடியாத அளவுக்கு நிகோடினை இறக்கிவிட்டால் என்ன என்ற யோசனையை 1994இலேயே பெனோவிட்ஸ், ஹென்னிங்ஃபீல்டு என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். 2015இல் அமெரிக்காவில் 840 பேரிடம் 6 வாரம் நடத்திய ஆய்வில், தங்கள் வழக்கமான சிகரெட்டையே புகைத்தவர்கள் நாளுக்கு 22 என்ற கணக்கில் இருக்க, 0.4 மில்லிகிராம் வகை கொடுக்கப்பட்டவர்கள் 15இல் நின்றார்கள். அங்கே அரசு 2025 ஜனவரியில், எல்லா சிகரெட்டிலும் கிராமுக்கு 0.7 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஒரு வரைவு விதியை வெளியிட்டது. நியூசிலாந்து 2022இல் இதுபோல் சட்டமே இயற்றி, அது நடைமுறைக்கு வருவதற்குள் 2024இல் திரும்பப் பெற்றுக்கொண்டது.

நீங்கள் 26க்கு ஏறியிருப்பதைப் பார்த்தால் உங்கள் கையில் இருப்பது முதல் வகையாகத்தான் இருக்க வேண்டும். நிகோடின் கொஞ்சம் நீர்த்துப்போன சிகரெட், வேகமாகச் சிதைக்கும் கல்லீரல், இரண்டும் சேர்ந்தால் இதுதான் நடக்கும். முன்பு ஒரு சிகரெட் ஒரு மணி நேரம் தாங்கியது என்றால் இப்போது அரை மணிகூடத் தாங்காது. இழுத்தால் கிடைக்கும் என்பது உடம்புக்குத் தெரிந்திருப்பதால் அது இழுக்கிறது. தம்பிக்கு முந்தைய சிகரெட்டின் மிச்சமே உள்ளே கிடப்பதால், அடுத்ததில் கொஞ்சம் குறைந்தது அவருக்கு உறைக்கவில்லை. இரண்டு பேருடைய அனுபவமும் நிஜம். வீட்டில் இருப்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள். கேட்பார்களா என்பது வேறு.

அப்படியானால் இரண்டாவது வகைக்குத் தாவிவிடலாமே என்று தோன்றும். உங்கள் இரண்டாவது கேள்வியும் அதுதான். எனக்கு அதில் உற்சாகம் இல்லை. காரணம் எளிது: புற்றுநோயும் மாரடைப்பும் வருவது எரியும் புகையால். தாரும் கார்பன் மோனாக்சைடும் நிகோடின் இல்லாத இலையை எரித்தாலும் வரும். எண்ணிக்கை குறைந்து, கடைசியில் நின்றுபோனால்தான் அந்த சிகரெட்டால் லாபம். அந்த 840 பேர் ஆய்விலேயே பலர் இடையிடையே பழைய சிகரெட்டையும் புகைத்தது பிற்பாடு சிறுநீர்ச் சோதனையில் தெரியவந்தது. 2018இல் 1250 பேரிடம் 20 வாரம் நடந்த இன்னொரு ஆய்வில், நிகோடினைப் படிப்படியாகக் குறைத்ததைவிட ஒரேயடியாக இறக்கியவர்களின் உடம்பில் நச்சு குறைவாக இருந்தது, அதே சமயம் தவிப்பும் பாதியில் விலகியவர்களும் அந்தக் குழுவில்தான் அதிகம். வேகமாகச் சிதைக்கும் ஒருவருக்கு வெறும் இலையைக் கொடுத்துத் தவிக்கவிட்டால், அவர் பக்கத்தில் இருப்பவரிடம் பழையதை ஒன்று கேட்டு வாங்கத்தான் போகிறார். நிகோடினை வேறு வழியில் கொடுத்துக்கொண்டே அந்த சிகரெட்டைப் பயன்படுத்தினால் கதை கொஞ்சம் மாறுகிறது. நியூசிலாந்தில் 2012இல் வெளியான, 1410 பேர் பங்கேற்ற ஆய்வில் தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை, நிகோடின் சூயிங்கம் போன்றவற்றோடு இந்த சிகரெட்டையும் கொடுத்தவர்களில் 6 மாதம் கழித்து 33 சதவீதம் பேர் விட்டிருந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 28 சதவீதம். உதவியது நிஜம், மாயம் ஒன்றும் இல்லை.

மூன்றாவது, சோதனை. மரபணுவைத் தேட வேண்டிய அவசியம் இல்லை. நொதி எவ்வளவு வேலை செய்கிறது என்பதைக் கோட்டினினுக்கும் ஹைட்ராக்சிகோட்டினினுக்கும் உள்ள விகிதமே காட்டிவிடும். எச்சில், இரத்தம், சிறுநீர் எதிலும் பார்க்கலாம். கோட்டினின் உடம்பில் நெடுநேரம் தங்குவதால் (பாதியாகக் குறையவே 16 முதல் 20 மணி ஆகும்) காலையில் எடுத்தாலும் மாலையில் எடுத்தாலும் விகிதம் பெரிதாக மாறாது. மரபணு, ஹார்மோன், வயது, மருந்து எல்லாவற்றின் கூட்டு விளைவும் அந்த ஒரே எண்ணில் வந்துவிடும். ஒரு நிபந்தனை, தினமும் புகைத்துக்கொண்டிருக்கும்போதே எடுக்க வேண்டும், விட்ட பிறகு அளக்க ஒன்றும் மிஞ்சாது. பெரும்பாலும் ஆராய்ச்சிக் கூடங்களில் செய்யும் சோதனை இது, எல்லா மருத்துவமனையிலும் கேட்டவுடன் கிடைக்காது. கிடைக்கவில்லை என்று சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் என்ற பழைய கேள்வியிலேயே நான் பாதி வேலையை முடித்துவிடுவேன். 5 நிமிடத்துக்குள் என்றால் பிடி பலமாக இருக்கிறது என்று பொருள்.

வேகம் தெரிந்து என்ன பயன் என்றால், மருந்தைத் தேர்ந்தெடுக்க உதவும். 2015இல் வெளியான ஓர் ஆய்வில் 1246 பேரை முதலில் இந்த விகிதப்படி மெதுவானவர்கள், மற்றவர்கள் என்று பிரித்துக்கொண்டு, நிகோடின் பட்டை, புகையை விட உதவும் வரெனிக்ளின் மாத்திரை, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தே இல்லாத போலி மருந்து ஆகியவற்றைப் பகிர்ந்து கொடுத்தார்கள். மெதுவாகச் சிதைப்பவர்களுக்குப் பட்டையும் மாத்திரையும் ஏறத்தாழ ஒரே பலன். 26 பேருக்கு மாத்திரை கொடுத்தால், பட்டையால் விட்டிருப்பவர்களைவிட ஒரே ஒருவர் கூடுதலாக விடுவார். பக்க விளைவுத் தொந்தரவும் அவர்களுக்கு மாத்திரையில்தான் அதிகம். மற்றவர்களில் அந்தக் கூடுதல் ஒருவருக்கு 5 பேர் போதும். காரணம் ஊகிக்கக்கூடியதுதான். பட்டை தருவது நிகோடின், அதையும் அந்தக் கல்லீரல் வேகவேகமாகத் தின்றுவிடும். வரெனிக்ளின் நிகோடினே கிடையாது. அது மூளையில் நிகோடின் உட்காரும் இடத்தில் தான் போய் அரைகுறையாக உட்கார்ந்துகொள்கிறது. சிஒய்பி2ஏ6 அதைத் தொடுவதில்லை, பெரும்பகுதி அப்படியே சிறுநீரில் போய்விடும்.

ஆகவே உங்களுக்கு நான் முதலில் வரெனிக்ளினைத்தான் யோசிப்பேன். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும் என்பதால் நேரில் ஒரு மருத்துவரிடம் காட்டித்தான் தொடங்க வேண்டும். விடுவதற்கு நாள் குறித்து, அதற்கு ஒரு வாரம் முன்பிருந்து ஆரம்பித்து, 12 வாரம். குமட்டல் வரலாம், சாப்பிட்ட பிறகு நிறையத் தண்ணீரோடு போட்டால் குறையும். விசித்திரமான கனவுகள் வரலாம். மனநிலையைக் கெடுக்கும் என்று ஒரு காலத்தில் பெரிய பயம் இருந்தது. 8000க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வு 2016இல் வெளியாகி, அப்படிக் குறிப்பிடத்தக்க கூடுதல் ஆபத்து இல்லை என்று காட்டியது. ஏற்கெனவே மனநல மருந்து எடுப்பவரானால் மட்டும் அதை மறக்காமல் சொல்லுங்கள். மாத்திரை கிடைக்கவில்லை, ஒத்துவரவில்லை என்றால் பட்டையோடு 4 மில்லிகிராம் சூயிங்கமும். பட்டை மட்டும் உங்களுக்குப் பெரும்பாலும் போதாது. சூயிங்கத்தை மிட்டாய் மாதிரி மென்று தள்ளக் கூடாது. சுர்ரென்று காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்கி வைத்து, காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். காபி குடித்த வாயில் நிகோடின் சரியாக ஏறாது, கால் மணி இடைவெளி விடுங்கள்.

காபி என்றதும் இன்னொன்று. புகையில் உள்ள பொருள்கள் கல்லீரலில் வேறொரு நொதியைத் தூண்டி, காஃபீனை வேகமாகக் கரைய வைக்கும். புகையை நிறுத்தியதும் அந்தத் தூண்டுதல் போய், அதே இரண்டு கோப்பை இரு மடங்காக வேலை செய்யும். படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் வரும். சிகரெட் இல்லாததால்தான் இப்படி என்று நினைத்து மறுபடி பற்ற வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். விடும் வாரத்தில் காபியைப் பாதியாக்கிவிடுங்கள்.

தம்பியைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை, எனக்கென்னவோ அவரைப் பற்றித்தான் கொஞ்சம் கவலை. 9 என்பது நிம்மதி தரும் எண், அதனாலேயே அங்கே தங்கிவிடுவார்கள். நாளுக்கு ஒன்றே ஒன்று புகைப்பவருக்குக்கூட, 20 புகைப்பவருக்கு ஏற்படும் கூடுதல் இதய நோய் ஆபத்தில் ஏறத்தாழப் பாதி இருக்கிறது என்று 2018இல் ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு கணக்கிட்டது. அவர் கல்லீரல் உண்மையிலேயே மெதுவானது என்றால் அவர் அதிர்ஷ்டசாலி. வெறும் பட்டையிலேயே விட்டுவிடக்கூடிய வகை. அந்த அதிர்ஷ்டத்தை 9இல் நின்று வீணாக்க வேண்டுமா?

இந்த வாரம் இருவரும் ஒரு வேலை செய்யுங்கள். மூன்று நாளைக்கு, எழுந்த நேரம், முதல் சிகரெட் பற்ற வைத்த நேரம், அன்றைய மொத்த எண்ணிக்கை ஆகியவற்றைத் தனித்தனித் தாளில் எழுதுங்கள், ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல். பிறகு ஊதுகருவி இருக்கும் மருத்துவரிடம் சேர்ந்தே போங்கள். பஞ்சுத் துண்டுகளையும் கொண்டுபோகலாம், காற்றுப் புகாத டப்பாவில் போட்டு.